ரசத்துக்கு ஒரு மன்னிப்பு

மனதுக்குள் நாம் தள்ளிப்போடுவதைத் தானாகவே எழுதி நச்சரிக்கும் குறிப்புச் செயலி வந்ததிலிருந்து, கோதண்டபாணி அதன் பயனர் ஃபோரமே கதியென்று கிடந்தார். யாருக்கு என்ன சிக்கல் என்றாலும் முதல் பதில் அவருடையதுதான்.

அவர் போனிலும் ஒரு குறிப்பு மாதக்கணக்கில் கண்சிமிட்டியது: ‘ரச விஷயத்தில் செண்பகவல்லியிடம் மன்னிப்புக் கேள்.’ தம்பி வீட்டு விருந்தில், “இதுதான்டா ரசம்! கல்யாணத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான் ரசமே சாப்பிடறேன்” என்று மனைவியின் காதுபடச் சொல்லியிருந்தார்.

இன்று காலை பெயர் போடாத ஒருவர் ஃபோரத்தில் கேட்டிருந்தார்: “‘அவரை மன்னித்துவிடு’ன்னு ஒரு குறிப்பு தினமும் வந்து உயிரை எடுக்குது. எப்படி அழிக்கிறது?”

கோதண்டபாணி உற்சாகமாகப் பதில் போட்டார்: “குறிப்பின் மேல் விரலை வைத்து, ‘தேவையில்லை’ என்று உரக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஜென்மத்துக்கும் வராது.”

“தேவையில்லை!” என்று அடுப்படியிலிருந்து செண்பகவல்லியின் குரல் கேட்டது. காய்காரரிடம் சொல்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு ஜீவனுக்கு உதவிய நிறைவில் அவர் மனம் விசாலமாகிவிட்டது. நேரே அடுப்படிக்குப் போனார். “செண்பகம், அன்னைக்கு ரசத்தைப் பத்திச் சொன்னது தப்புதான். மன்னிச்சிடு.”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா? இப்பத்தான் ஃபோரத்துல ஒரு மகராசன் அதை அழிக்க வழி சொன்னார். இருங்க, அவருக்கு ஒரு நட்சத்திரம் போட்டுடறேன்.”

கோதண்டபாணியின் சட்டைப்பையில் போன் சிணுங்கியது.