திருவிருந்துத் தட்டு

மூன்றாவது வரிசைக்கு வருவதற்குள் வலது கை தன் வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டது.

தட்டு நிறையத் திருவிருந்துக் கிண்ணங்கள், சபையில் ஆளுக்கு ஒன்று. எல்லாவற்றிலும் திராட்சரசம்.

"போன மாசம் டெய்லரோட வெள்ளைச் சட்டையில கொட்டினது போதாதா? இன்னைக்கு ஒரு சொட்டு சிந்தினாலும் தட்டை டிரைவர் தம்பிகிட்ட குடுத்துடணும், சொல்லிட்டேன்."

காலையில் எனக்குப் பொத்தான் போட்டுவிட்டபடியே மனைவி இப்படிச் சொன்னாள். நானும் வீராப்பாகச் சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். எண்பது வயதில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

பாட மூச்சு இல்லை. வேதம் வாசிக்கக் கண் இல்லை. முழங்கால் போட்டால் தூக்கிவிட ஆள் வேண்டும். ஆண்டவருக்குச் செய்ய என்னிடம் மிச்சம் இருப்பது இந்தத் தட்டு ஒன்றுதான். இதுவும் போய்விட்டால் நான் சபைக்கு வந்துபோகிற விருந்தாளி.

'கர்த்தாவே, இந்த ஒரு வரிசை.'

அது முடிந்ததும், 'இன்னும் ஒரே ஒரு வரிசை.' அவருக்கும் என் பேரம் பழகிப்போயிருக்கும்.

கிண்ணங்கள் கிடுகிடுவென்று ஆடின. கைக்குழந்தைக்காரி ஒருத்தி தன் கைப்பையை நைசாக நகர்த்திக்கொண்டாள். பார்த்தும் பாராததுபோல் நடந்தேன்.

கடைசி வரிசையில் கடைசி ஆளும் எடுத்துக்கொண்டார். தட்டில் விரித்திருந்த துணியைக் குனிந்து பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது.

அப்பாடா. போன உயிர் திரும்பி வந்தது. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று வாய் தானாக முணுமுணுத்தது.

பின்னறை மேசையில் தட்டை வைத்தேன். பக்கத்தில், எதிர்ப்பக்க வரிசைகளுக்குக் கொடுத்துவிட்டு வந்த டிரைவர் தம்பியின் தட்டு. அவனுக்கு அறுபதுகூட ஆகவில்லை. ஆனால் அவன் துணியில் அங்கங்கே சிவப்புத் துளிகள். சந்தோஷப்படக் கூடாதுதான், பட்டேன்.

பிறகுதான் மீந்த கிண்ணங்களைக் கவனித்தேன்.

அவன் தட்டில் இருந்தவை விளிம்புவரை நிறைந்திருந்தன. என் தட்டில் இருந்தவற்றில் ரசம் பாதிக் கிண்ணம்கூட இல்லை.

இரண்டு தட்டுகளுக்கும் ரசம் ஊற்றுவது என் மனைவி. அவள் குழாயடியில் முதுகைக் காட்டிக்கொண்டு கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சிந்துச்சா?" என்றாள், திரும்பாமலே.

அவள் முதுகை ஒருமுறை பார்த்துவிட்டு நிமிர்ந்து நின்றேன்.

"ஒரு சொட்டுகூட இல்ல. என் கையைப் பத்தி என்னன்னு நினைச்சே?"