குத்தாத மயிர்

"பன்றி மயிரை மட்டும் வைச்சுக் கட்டிப்போடாதையும், தம்பி. கையெடுத்துக் கும்பிடுறன்."

பரந்தன் சந்தியில் சவரத்துக்கும் வெள்ளையடிப்புக்கும் மயிர் வைத்துப் பிறஸ் கட்டி விற்கும் அந்தோனிமுத்துவின் கடை வாசலில் நின்றார் ஐயாத்துரை. தோளில் கிடந்த சால்வையின் நுனியை இடது கன்னத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தார். மற்றக் கையில் ஒரு பழைய சவரப் பிறஸ். யப்பான்காரன் வருவதற்கு முன் அவருடைய தகப்பனார் மலாயாவில் வாங்கியது. எலும்புப் பிடி இன்னும் பளபளத்தது. மயிர்தான் ஒன்றுமில்லை.

"விளங்குது அண்ணை. சைவ ஆக்களுக்கு அது கூச்சம்தானே," என்றார் அந்தோனிமுத்து.

"கூச்சமில்லை. அது என்ரை முகத்தைத் தின்னுது."

ஐயாத்துரை கடையின் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டுச் சால்வையை விலக்கினார். கன்னத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளிறிய திட்டு, காதுவரை படர்ந்திருந்தது.

தர்மபுரத்தில் காடு வெட்டிக் கழனி செய்கிற மனிதர் அவர். வெயிலும் மழையும் பட்ட முகத்தில் போன வருடம்வரை ஒரு மறு கிடையாது. தகப்பன் தந்த பிறஸ்ஸில் இருந்த சீமை மயிரைப் பூச்சி அரித்துவிட, வவுனியாவில் யாரோ ஒருவர் பன்றி மயிர் வைத்துக் கட்டிக் கொடுத்தார். அடுத்த மாதமே கன்னத்தில் ஒரு சதக் காசளவில் திட்டு விழுந்தது. பயந்துபோய்க் குதிரை வால் மயிருக்கு மாற்றினார். திட்டு பெருத்தது. அதையும் பிடுங்கி எறிந்துவிட்டு ஒரு மாதமாக வெறுங்கையால் சவுக்காரம் பூசி வழித்துப் பார்த்தார். அப்போதும் குறையவில்லை. கெட்ட மயிரால் வந்தது நல்ல மயிர் பட்டால்தான் ஆறும் என்று கடைசியில் முடிவு கட்டிக்கொண்டார்.

"கொஞ்ச நாள் பொறுத்துப் பாக்கலாமே அண்ணை?"

"எனக்கு நாள் இல்லைத் தம்பி." ஐயாத்துரை கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். "என்ரை மூத்தவள் விமலேஸ்வரியைப் போன கிழமை பளையிலை இருந்து பொம்பிளை பாக்க வந்தவை. பெடியனுக்குப் பிடிச்சுப் போச்சு. தாய் மனுசி என்ரை முகத்தைப் பாத்தா. பிறகு எங்கட வீட்டுத் தேத்தண்ணியைத் தொடவேயில்லை. வெள்ளிக்கிழமை முடிவு சொல்ல வருகினம். பிள்ளை அவை வந்துபோன நாளிலை இருந்து அடுப்படியை விட்டு வெளியாலை வரேல்லை."

"திட்டு நோகுதோ?"

"நோ இல்லை. நொந்தாலும் பொறுத்துக்கொள்ளுவன். நிறமெல்லோ போகுது. இப்ப இந்தப் பக்கப் புருவமும் கொட்டுது, பாரும்."

அந்தோனிமுத்து கையிலிருந்த நூலைக் கீழே வைத்தார். எழுந்து வந்து, ஐயாத்துரையின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். காதுக்குக் கீழே தடித்திருந்த நரம்பை விரலால் தடவினார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"என்ன தம்பி? உம்மாலை ஏலாதோ? உம்மையும் விட்டா எனக்கு ஆர் இருக்கினம்?"

"மயிரைத் தெரிஞ்செடுப்பம் அண்ணை. கண்ணை மூடுங்கோ. எது குத்துது, எது குத்தேல்லை எண்டு உங்கட முகமே சொல்லட்டும்."

ஐயாத்துரை கண்களை மூடிக்கொண்டார். வலது கன்னத்தில் ஏதோ பட்டது. முகத்தைச் சட்டென்று இழுத்தார்.

"இது பன்றி. எனக்குத் தெரியும்."

"ஓம். இது?"

"குதிரை. இதுவும் வேண்டாம்."

"இது?"

"கொஞ்சம் பரவாயில்லை. ஆடோ?"

"ஆட்டுத் தாடிதான். இனி மற்றப் பக்கம் பாப்பம்."

அந்தோனிமுத்து எழுந்துபோய் எதையோ தேடி எடுத்து வரும் சத்தம் கேட்டது. ஐயாத்துரை மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார். மனதுக்குள் வற்றாப்பளை அம்மனை அழைத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப வைச்சிருக்கிறன். குத்துதோ?"

"இல்லை."

"கொஞ்சம் அழுத்துறன். இப்ப?"

"இல்லையப்பா."

"இப்ப?"

"ஒண்டும் குத்தேல்லை, தம்பி." ஐயாத்துரையின் மூடிய இமைகளுக்குள்ளிருந்து கண்ணீர் வழிந்தது. ஒரு வருடமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியதுபோல இருந்தது அவருக்கு. "பஞ்சைவிட மெதுவா இருக்கு. இதுதான் மயிர். இதையே வைச்சுக் கட்டும். என்ரை பிள்ளை தப்பியிட்டாள்."

ஐயாத்துரை கண்ணைத் திறந்தார். அந்தோனிமுத்து ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, அழப்போகிறவர்போல நின்றார்.

"அண்ணை, என்ரை மூத்த தமையன் மட்டக்களப்பிலை பெருவியாதிக்காரரை வைச்சிருக்கிற அந்தத் தீவு ஆசுபத்திரியிலை நாலு வருசம் இருந்தவர். இப்ப சுகமாகி வந்து முல்லைத்தீவிலை கடலுக்குப் போறார். இப்ப அதுக்கு நல்ல குளிசை மருந்து இருக்கு. நாளைக்கே டொக்டரிட்டைப் போவம், நானும் வாறன்."

"அதை ஏனப்பா இப்ப எனக்குச் சொல்லுறீர்?" ஐயாத்துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "கடைசியா வைச்சது எந்த மிருகத்தின்ரை மயிர்? முதல் அதைச் சொல்லும்."

அந்தோனிமுத்து பின்னால் வைத்திருந்த கையை மெல்ல முன்னே கொண்டுவந்து விரித்தார்.

"மயிரில்லை அண்ணை, ஊசி."