கறுப்புக் கல்லில் ஒரு கோடு

மகன் முர்ஷித் கலியாணம் முடித்து வாழப்போகும் பெண்வீட்டை அவனோடு சுற்றிப் பார்த்துவந்த றாஹிலா, குசினி மேடையின் கறுப்புக் கல்லைத் தன் வீட்டுப் பூட்டின் திறப்பால் அழுத்திக் கீறினாள். வெள்ளைக் கோடு விழுந்தது.

“கிரனைட்டெண்டுதானே சொன்னீங்க? கிரனைட்ட இரும்பு கீறாது. இது மார்பிள்! இத வித்தவன் அல்லாஹ்வுக்குப் பயப்படாத கள்ளன்!”

பெண்ணின் வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். பெண் அம்ஹா ஓடிவந்து ஈரத்துணியால் துடைத்தாள்.

“திறப்புட கறைதான் மாமி, போயிட்டு.”

சொல்லிக்கொண்டே தேத்தண்ணித் தட்டத்தை அங்கேயே வைத்தாள். றாஹிலா ஒரு வாய்கூடக் குடிக்காமல் கிளம்பினாள்.

ஆட்டோவில் முர்ஷித் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“ஏன் மகன் மொகத்தத் திருப்புறாய்? பொய் சொல்ற குடும்பம் நமக்கு வேணாம்.”

“அவங்க பொய் சொல்லல்ல உம்மா. அந்தக் கல்லு நம்மட கடையில எடுத்தது. சம்மந்தம் பேச முந்தி, மார்பிளெண்டு தெரிஞ்சுகிட்டே நான்தான் கிரனைட்டெண்டு வித்தன்.”

றாஹிலா கையிலிருந்த திறப்பைப் பைக்குள் போட்டாள்.

“அப்ப அவங்க ஏன் ஒண்டும் சொல்லல்ல?”

முர்ஷித் வெளியே பார்த்தபடி சொன்னான்:

“துடைச்சும் கோடு போகல்ல உம்மா. அதுக்கு மேலதான் அம்ஹா தட்டத்த வெச்சா.”