சலூனில் ஒரு சாமுராய்

ஸ்டேஷன் மாஸ்டர் நுழைந்தபோது சலூன்காரர் வேலை செய்யாமல் டிவி முன்னால் உட்கார்ந்து வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தார். திரையில் ஒரு சாமுராய், அந்தக் காலத்து ஜப்பானிய வீரன், இடுப்பில் வாள் தொங்க, மேளம் அடித்துக்கொண்டிருந்தான்.

“சீக்கிரம் ஷேவ் பண்ணுப்பா. இன்னிக்கு எனக்கு ரிட்டையர்மென்ட். பிளாட்பாரத்துல விழா, போட்டோ எல்லாம் இருக்கு.”

“இதோ சார். இந்த மேளத்தை மட்டும் முடிச்சுடறேன்.”

திரையில் வட்டங்கள் வரிசையாக ஓடி வந்தன. ஒவ்வொன்றும் கோட்டைத் தொடும் நேரத்தில் பட்டனை அழுத்த வேண்டும். சலூன்காரர் பாதி வரை நன்றாகத்தான் அடித்தார். அப்புறம் தாளம் தப்பியது. சாமுராய் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

அடுத்து, சாமுராயைச் சூதாட்ட விடுதிக்குள் கூட்டிப் போனார். குவளைக்குள் பகடை உருண்டது.

“ரெட்டை,” என்றார். ஒற்றை விழுந்தது.

ஸ்டேஷன் மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருகிற போகிற ரயில்களின் தாமதத்துக்கெல்லாம் மைக்கில் மன்னிப்புக் கேட்டே நொந்து போனவர் அவர். சொந்தக் கல்யாணத்துக்கே மண்டபத்தைத் திறப்பதற்கு முன்னால் போய் நின்றவர் என்று வீட்டில் இன்னும் கேலி செய்வார்கள்.

துண்டு மடித்துக்கொண்டிருந்த சலூன்காரரின் மனைவியிடம் திரும்பினார். “ஏம்மா, நீங்க நடத்தறது சலூனா, சூதாட்ட விடுதியா?”

“கொஞ்சம் பொறுங்க சார். ரொம்ப அவசரம்னா எதிர்க்கடையில மெஷின் போட்டு விடுவாங்க.”

“எனக்குக் கத்திதான் வேணும். தாடைக்குக் கீழ இருக்கிற மச்சத்தைச் சுத்தி ஓட்ட உங்க வீட்டுக்காரரை விட்டா வேற ஆள் ஏது?”

அதைக் கேட்டதும் சலூன்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுபடி மேளம். மறுபடி தாளம் தப்பியது.

“கொடுய்யா இங்க,” என்று ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கினார் ஸ்டேஷன் மாஸ்டர். “இதென்ன பெரிய வித்தை? கூட்ஸ் வண்டி போற சத்தம்தானே இது.”

தடக் தடக், தடக் தடக். ஒரு வட்டம்கூடத் தப்பவில்லை. திரையில் பூ கொட்டியது. சாமுராய் துள்ளிக் குதித்தான்.

ஸ்டேஷன் மாஸ்டர் ஜம்பமாகப் போய் நாற்காலியில் சாய்ந்து தாடையைத் தூக்கிக் காட்டினார். “ம், மேளம் முடிஞ்சுது. வா.”

சலூன்காரர் நகரவில்லை. அவர் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“பரீட்சையை நீங்க எழுதிட்டா எப்படி சார்? இப்ப ஷேவையும் நீங்களேதான் பண்ணிக்கணும்.”

“என்ன பரீட்சை?”

“கொஞ்ச நாளா அவருக்குக் கை நடுங்குது. மேளத்தைத் தப்பில்லாம அடிச்சு முடிச்சாத்தான் அன்னிக்குக் கத்தியைத் தொடுவார். அவரே போட்டுக்கிட்ட சட்டம். நேத்து தாளம் தப்பினதும், வந்தவங்களை எல்லாம் எதிர்க்கடைக்கு அனுப்பிட்டார். இன்னிக்கு மட்டும் விட மாட்டேங்கறார். சாருக்கு வேலையில கடைசி நாள், கண்டிப்பா வருவார்னு காலையிலேருந்து அடிச்சுக்கிட்டே இருக்கார்.”

ஸ்டேஷன் மாஸ்டரின் கை தானாக மச்சத்தைத் தடவியது.

“அப்ப அந்தச் சூதாட்டம்?”

“அதுக்கு ஒரு தடவை பட்டனை அழுத்தினா போதும் சார். கைக்கு ஓய்வு,” என்றார் சலூன்காரர் கூச்சத்தோடு.

ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்துபோய் ஜாய்ஸ்டிக்கை அவர் கையில் வைத்தார். பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“கூட்ஸ் வண்டியை நினைச்சுக்கிட்டு நிதானமா அடி. இன்னிக்கு எனக்கு ஒரு அவசரமும் இல்லை.”

பிறகு ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, தன் மைக் குரலில் அறிவித்தார்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ஸ்டேஷன் மாஸ்டர் இன்று தாமதமாக வருவார். எவ்வளவு தாமதம் என்று தெரியவில்லை. அதற்காகக் கொஞ்சமும் வருந்தவில்லை.”