வகை சொல்லாத முகவரி

தினமும் மாலை நான்கு மணிக்கு வெளியிலிருந்து ஓர் இணைப்பு வரும். குணவதியின் சோதனைக் கணினியில் வலைக் கம்பியும் இல்லை, வைஃபையும் இல்லை. ஆனாலும் வரும். அது தரும் முகவரியில், வகையைச் சொல்ல வேண்டிய இடம் மட்டும் காலியாக இருக்கும். கணினியின் அடித்தளமான பழைய கெர்னல் நிரல் வகையைப் பார்க்காமலே எதையும் உள்ளே விட்டது. அதைத் திருத்துவதுதான் அவளுடைய வேலை.

கணவர் இறந்தபின் ஜார்ஜ் டவுன் அடுக்குமாடியில் அவளைத் தேடி வேறு யாரும் வருவதில்லை. திருத்தத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள்.

உடன் வேலை செய்யும் கோகுலன் கடலுக்கு அக்கரையில் உள்ள ஜுருவிலிருந்து தொலைபேசியில் அழைத்தான்.

“அக்கா, அந்தப் பேய்க்கு விசா குடுத்து வெச்சிருக்கீங்களா? இன்னிக்கு முடிங்க லா. எல்லாரும் உங்களுக்காகத்தான் வெயிட்டிங்.”

“முடிச்சிர்றேன் தம்பி.”

வகை சொல்லாத எதையும் புதிய நிரல் மறுத்துவிடும். அதை ஏற்றிக் கணினியை மறுபடி இயக்கினாள். நான்கு மணிக்குத் திரையில் ‘மறுக்கப்பட்டது’ என்று ஒரு வரி வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. கீழே சாலையில் பேருந்து நின்று போனது.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

திறந்தாள். நடைவழி கோடிவரை காலியாக இருந்தது. இரும்புக் கிரில் கதவின் பூட்டையும் திறந்துவிட்டு, வழிவிட்டு ஓரமாக நின்றாள்.

“யாரா இருந்தாலும் பரவால்ல, உள்ள வாங்க.”