டயரின் ஞாபகம்

டயரின் பள்ளங்களில் சிக்கியிருந்த எலுமிச்சைத் தோலைக் குழலி ஊக்கால் அவசர அவசரமாகத் தோண்டிக்கொண்டிருந்தாள். அதற்குள், ஓடியதையெல்லாம் ஞாபகம் வைத்துப் பேசும் முன்பக்க இடது டயர் அப்பாவின் காதுபடவே எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டது.

"நாலு பழம் நசுங்குச்சு. தெருமுனையில நடைபாதையோரம் இடிச்சுட்டேன். பக்கவாட்டுல புடைச்சிருக்கு. நாளைக்கு என்னை நம்பி ஏற்காடு ஏறாதீங்க."

குழலிக்கு அழுகை முட்டியது. "ஒரே ஒரு சுத்துதாம்ப்பா ஓட்டிப் பாத்தேன். அந்த டயருல இருக்கறத அழிச்சிடுங்கப்பா!"

லைசன்ஸ் இல்லாமல் காரை எடுத்தவள் சக்கரத்துக்குப் பழம் வைக்க மட்டும் மறக்கவில்லை. அப்பாவின் கோபம் பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது.

"பூசையெல்லாம் பக்கா! வளைக்கத்தான் தெரியல."

அப்பா புடைப்பைத் தடவினார். "மலையில வெடிச்சிருந்தா நான் போயிருப்பேன்டி. இனிமே எங்கூட வந்து ஓட்டு."

இருவருமாக ஸ்டெப்னியை மாட்டினார்கள். குழலியின் கையெல்லாம் எலுமிச்சை வாசனை.

அப்பா கழற்றிய டயரைத் தட்டினார். "இதோட ஞாபகத்த ஸ்டெப்னிக்கு மாத்தப் போறேன். நீ மொதமொதல்ல கார் ஓட்டுனதும் இதுலதான் இருக்கு. அழிச்சிடவா, வெச்சுக்கவா?"