ஆறரைப் பேருக்கான காற்று

கட்டடக்கலைஞர் எழில்மொழி, நிலவில் வரப்போகும் சுற்றுலா விடுதியைத் திருவையாற்று வீட்டிலிருந்தபடியே வடிவமைத்துக்கொண்டிருந்தாள். தங்கப்போவது ஆறு பேர். கணினியோ ஒவ்வொரு முறையும் ஆறரைப் பேருக்குக் காற்று கேட்டது. அலுவலகத்தில் யார் பார்த்தும் பிழை அகப்படவில்லை.

அந்தக் கூடுதல் காற்று எங்கே போகிறதென்று ஒரு மாலை தேடிப் பார்த்தாள். ஜன்னலோர மூலையில், நிமிடத்துக்கு இருபத்திரண்டு மூச்சு. ஏழு வயதுப் பிள்ளையின் மூச்சு அது. போன ஆடியில் காவிரி கொண்டுபோன மகள் அமுதினிக்கும் ஏழு வயதுதான்.

"அந்த அரையை அழிச்சிட்டு அனுப்பச் சொல்றாங்க," என்றாள் கணவனிடம்.

பரிதி திரையில் அந்த ஜன்னலோர மூலையைப் பெரிதாக்கினான்.

"அழிக்காத எழில். அங்க ஒரு சின்னக் கட்டில் போடு," என்றான். "பூமி தெரியிற பக்கமா."